சின்னக் கைகளுக்குக் கைப்பந்து: எந்தப் பந்து, எவ்வளவு உயரத்தில் வலை

கேள்வியின் சுருக்கம் இது: ஜூன் விடுமுறையில் சமூக மன்ற மண்டபத்தில், தொடக்கநிலை 2 முதல் 5 வரை படிக்கும் 24 பிள்ளைகளுக்குக் கைப்பந்து (வாலிபால்) சொல்லித்தர வேண்டும். கையில் இருப்பது இரண்டு பூப்பந்து (பேட்மிண்டன்) தளங்கள். உயர்நிலைப்பள்ளியில் ஆடும் பந்தைக் கொடுத்துப் பார்த்ததில், கை வலிக்கிறது என்று பாதிப் பேர் ஒதுங்கிவிட்டார்கள். எந்தச் சாமானை எப்படி மாற்றுவது, என்ன வாங்குவது?

முதலில் அந்த வலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் சாக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே வலிக்கும். போட்டிப் பந்து 260 முதல் 280 கிராம் எடை, 65 முதல் 67 செ.மீ. சுற்றளவு. எட்டு வயதுப் பிள்ளையின் முன்கையில் அதைத் தாங்கும் சதை இல்லை. போதாததற்கு, பழகாத பிள்ளை பந்தை எப்போதும் மணிக்கட்டு எலும்பில்தான் வாங்கும். இரண்டு தடவை அப்படிப் பட்டதும், மூன்றாவது பந்து வரும்போது கண் மூடிக்கொள்ளும், முகம் திரும்பும், கை பின்வாங்கும். பயிற்றுநர் சரிசெய்யச் சிரமப்படுவது தவறான கை அமைப்பை விட இந்தப் பயத்தைத்தான். அதனால் இன்னொரு நாள் பார்க்கலாம் என்று விடாமல், அந்தப் பந்துகளை இன்றைக்கே பைக்குள் போட்டுவிடுங்கள்.

வலியோடு இன்னொன்றும் இருக்கிறது: நேரம். மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழும் சாதாரணப் பந்து, பிள்ளையின் இடுப்பு உயரத்துக்கு வர முக்கால் விநாடிகூட ஆகாது. அதற்குள் பந்து எங்கே விழும் என்று கணிக்க வேண்டும், அங்கே போய் நிற்க வேண்டும், முழங்காலை மடக்க வேண்டும், கையைச் சேர்க்க வேண்டும். அதே உயரத்திலிருந்து ஊதிய பலூன் இறங்க ஏறத்தாழ இரண்டு விநாடி ஆகும். மெதுவான சாமான் தரும் பெரிய உதவி இந்தக் கூடுதல் நேரம்தான்.

ஆனால் இளக்கமான சாமான் ஒவ்வொன்றும் ஒன்றைக் கற்றுக்கொடுத்து இன்னொன்றைக் கெடுக்கும். எதைக் கெடுக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டு, அது கெடுக்கத் தொடங்கும் முன்பே மாற்றிவிட வேண்டும்.

பலூனிலிருந்து தொடங்குவோம். 30 செ.மீ. வரை ஊதக்கூடிய பலூனை 25 செ.மீ. அளவில் நிறுத்துங்கள், அடி வாங்கினாலும் சீக்கிரம் வெடிக்காது. மிக மெதுவாக இறங்கினால் செலோடேப்பை இரண்டு சுற்று, சிலுவை போல ஒட்டுங்கள், வேகம் கூடும். ஊதும் முன் ஒரு தேக்கரண்டி அரிசி போட்டால் பலூன் தள்ளாடிக்கொண்டே வரும். கடைசி நொடி வரை கண்ணை எடுக்காமல் பார்க்கும் பழக்கத்துக்கு நல்லது. பலூன் நேர்க்கோட்டில் வராது, சும்மா மிதக்கும். அதனால் பந்துக்கு அடியில் போய் நிற்பதற்கு முதல் பழக்கம் தருமே தவிர, வளைந்து விழும் பந்தின் பாதையைக் கணிக்கக் கற்றுத்தராது. கூடவே, பிள்ளைகள் அதைத் தாங்க மாட்டார்கள், உள்ளங்கையால் தட்டுவார்கள். முதல் வகுப்பில் பத்து நிமிடம், இரண்டாம் வகுப்பில் ஐந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். மண்டபத்தின் பெரிய விசிறி சுழன்றால் பலூன் வேலைக்கே ஆகாது. விசிறியை நிறுத்தினால் புழுக்கம் தாங்காது. பக்கத்து அறை ஒன்றில் செய்வது உத்தமம். ரப்பர் ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கிறதா என்று பெற்றோரிடம் முன்கூட்டியே கேளுங்கள். வெடித்த துண்டுகளை உடனே பொறுக்குங்கள். கூட வந்திருக்கும் தம்பி தங்கைகள் வாயில் போட்டுக்கொள்ளும்.

கடற்கரையில் ஊதி விளையாடும் பிளாஸ்டிக் பந்தை நான் அதிகம் பரிந்துரைப்பதில்லை. பெரியதாக இருப்பதால் பிடிக்க எளிது என்பது சரி. ஆனால் திறந்த வெளியில் லேசான காற்றுக்கே அது வேறு திசைக்குப் போகும், எடையே இல்லாததால் கையைப் பலமாக வீசினால்தான் நகரும். அந்த வீச்சுதான் பின்னால் நமக்கு எதிரி. பலூனுக்கு மாற்றாக, மூடிய இடத்தில் மட்டும்.

நுரைப்பந்துதான் உங்கள் 24 பேருக்கும் அன்றாடப் பந்து. 18 முதல் 21 செ.மீ. விட்டம், வெளியே மெல்லிய தோல் போன்ற பூச்சு உள்ளதாகப் பாருங்கள். பூச்சில்லாத வெறும் பஞ்சு நுரை ஈரத்தை உறிஞ்சும். மழை விட்ட பிறகு நனைந்த தரையில் ஒரு முறை உருண்டால் போதும், எடை ஏறிவிடும். நகத்தால் கிள்ளிப் பிய்ப்பதும் அதில்தான். நுரைப்பந்து வலியை முழுதாக எடுத்துவிடும். எடுத்துக்கொள்வது துள்ளலை. முன்கையில் பட்டால் சோர்ந்துபோய்க் கிளம்பும், தரையில் விழுந்தால் அதிகம் எழும்பாது. ‘ஒரு முறை தரையில் துள்ளிய பிறகு அடிக்கலாம்’ என்ற விதியோடு நுரைப்பந்தைக் கொடுத்தால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். துள்ளல் ஆட்டத்துக்கு ரப்பரில் செய்த மென்பந்து வேண்டும்.

ஜப்பானில் சாஃப்ட் வாலிபால் என்று ஒரு தனி ஆட்டமே உண்டு. அணிக்கு நான்கு பேர், வலை 2 மீட்டர், தளம் பூப்பந்து இரட்டையர் தளத்தின் அதே அளவு: 13.4க்கு 6.1 மீட்டர். உங்களிடம் இருக்கும் தளத்துக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி. பெரியவர்களுக்கான மென்பந்து 78 செ.மீ. சுற்றளவு, 210 கிராம் சுமார். சிறுவர்களுக்கு 64 செ.மீ. சுற்றளவில் 150 கிராம் பந்தும், இன்னும் சிறியவர்களுக்கு 100 கிராம் பந்தும் விற்கிறார்கள். வலிக்காது, நன்றாகத் துள்ளும், பாதையும் உண்மைப் பந்தைப் போலவே வளையும். ஒரே வகைப் பந்துதான் வாங்க முடியும் என்றால் 150 கிராம் மென்பந்தை வாங்குங்கள்.

அதற்கு அடுத்த படி, எடை குறைந்த தோல்பந்து. கடையில் ‘4ஆம் எண்’ என்று மட்டும் கேட்டு வாங்கிவிடாதீர்கள். 4ஆம் எண்ணில் இரண்டு எடை உண்டு: தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான 200 முதல் 220 கிராம், அதற்கு மேற்பட்ட வயதினருக்கான 240 முதல் 260 கிராம். இரண்டின் சுற்றளவும் 62 முதல் 64 செ.மீ.தான், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. பந்தின் மேல் அச்சிட்ட எடையைப் படியுங்கள், இல்லையென்றால் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

எடை குறைந்த பந்து கிடைக்காதபோது இருக்கும் பந்திலேயே காற்றைக் குறைத்துச் சமாளிப்பது பரவலான வழக்கம். கொஞ்சம் குறைத்தால் பரவாயில்லை. போட்டிப் பந்தின் அழுத்தம் சுமார் 4.3 முதல் 4.6 பிஎஸ்ஐ, 3.5 வரை இறக்கலாம். அதற்கும் கீழே போனால் பந்து கையில் சப்பென்று ஒட்டும். அதைக் கிளப்ப பிள்ளை இன்னும் ஓங்கிக் கையை வீசும், மணிக்கட்டில் இன்னும் வலிக்கும். எடை ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது. சைக்கிள் பம்பின் அளவுமானி இவ்வளவு குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது, பந்துக்கென்றே விற்கும் சிறிய அளவுமானியை வாங்குங்கள். ஊசியை ஈரப்படுத்திச் செருகுங்கள், இல்லாவிட்டால் வால்வு கிழியும்.

இனி முன்கைப் பாஸ், அதாவது வரும் பந்தைச் சேர்த்த இரு முன்கைகளிலும் வாங்கி அனுப்புவது. எல்லாக் குழப்பமும் பிறக்கும் இடம் இதுதான். ஒரு பிள்ளையைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். பந்து வருகிறது. கால் நேராக, ஆணி அடித்தது போல நிற்கிறது. சேர்த்த கை தொடைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. பந்து அருகே வந்ததும் இரண்டு கையும் கீழிருந்து முகம் வரை ஊஞ்சல் போல மேலே போகிறது. பந்து மணிக்கட்டில் பட்டுத் தலைக்குப் பின்னால் பறக்கிறது. பின்னால் போனதற்குக் காரணம், பந்து தொடும் நேரத்தில் கை தோளுக்கு மேலே ஏறியிருந்ததுதான். ‘கையை ஆட்டாதே’ என்று நூறு முறை சொன்னாலும் நிற்காது, ஏனென்றால் வேறு எதனால் பந்தைக் கிளப்புவது என்று அதற்குத் தெரியாது. முழங்காலால் கிளப்புவதைக் கை உணரும்படி சாமானை அமைக்க வேண்டும்.

அதற்குச் சின்ன மணல் பைதான் நல்ல துணை. சுமார் 100 கிராம். எதிரே இரண்டு மீட்டரில் நிற்பவர் கீழ்வீச்சாகப் போட, பிள்ளை இரு முன்கைகளையும் பலகை போல நீட்டி அதில் பையை வாங்கி நிறுத்த வேண்டும். கையை வீசினால் பை தெறித்துவிடும். முழங்காலை மடக்கி மெதுவாகத் தாங்கினால்தான் நிற்கும். இப்படிப் பத்து முறை. பிறகு பையைக் கையில் வைத்தபடியே காலை மட்டும் நிமிர்த்தி எதிரே இருப்பவருக்கு அனுப்பச் சொல்லுங்கள். அடுத்து அதே அசைவை நுரைப்பந்தில். பந்து படவேண்டிய இடத்தில், மணிக்கட்டு மடிப்பிலிருந்து நான்கு விரல்கடை தள்ளி, தசைக்கு ஒட்டும் துணி டேப்பைக் குறுக்கே ஒட்டுங்கள். பிள்ளைகள் அந்தக் கோட்டைக் குறிபார்த்து வாங்குவார்கள். தோல் சிவக்கிறது என்று தயங்கும் பிள்ளைக்கு, நீளக் காலுறையின் நுனியை வெட்டிக் கைமேல் மாட்டிவிடுங்கள். இரண்டு கையும் பிரியாமலிருக்க மணிக்கட்டில் ரப்பர் பட்டை மாட்டுவதை அங்கங்கே காணலாம். வேண்டாம். தடுக்கி விழுந்தால் கை ஊன்ற முடியாது. இரு கட்டைவிரல்களுக்கும் நடுவே ஒரு கைக்குட்டையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் அதே பலன் கிடைக்கும். விழுந்தாலும் கை தானாகப் பிரியும்.

இனி செட், அதாவது நெற்றிக்கு மேலே வரும் பந்தை விரல்நுனியால் தள்ளி அனுப்புவது. அதற்கு, போக்குவரத்துக் கூம்பு போன்ற பெரிய பிளாஸ்டிக் கூம்பைத் தலைகீழாக நெற்றிக்கு மேல் பிடித்து, விழும் பந்தை அதற்குள் வாங்கச் சொல்லுங்கள். அடியில் போய் நிற்காமல் கையை மட்டும் நீட்டினால் பந்து விளிம்பில் பட்டு வெளியே போகும். எங்கே நிற்பது என்பதைக் கூம்பே சொல்லிக்கொடுக்கும். அது பழகியதும் கூம்பை விட்டுவிட்டு அதே இடத்தில் கையால் பிடித்துத் திரும்பத் தள்ளுவது, பிறகு பிடிக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே போவது. இங்கே 100 அல்லது 150 கிராம் மென்பந்துதான் ஏற்றது. நுரைப்பந்தில் விரல் புதைந்துவிடுவதால் பந்து விரலை விட்டுக் கிளம்பும் உணர்வு வராது. விரல் பலத்துக்காகக் கூடைப்பந்தைச் செட் செய்வது பெரியவர்களின் பயிற்சி. வளரும் எலும்புள்ள பிள்ளைகளின் விரலுக்கு அது கூடாது.

வலை விஷயத்தில் ஒரு சொல். பிள்ளைகள் குட்டை, ஆகவே வலையைத் தாழ்த்து என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. பூப்பந்து வலை கம்பத்தருகே 1.55 மீட்டர் உயரத்தில் தயாராக நிற்கிறது, அதிலேயே ஆடவிட்டால் என்ன? ஆடவிட்டுப் பாருங்கள். பந்து தட்டையாகப் போகும், வேகமாகப் போகும், எதிரே நிற்கும் பிள்ளையின் முகத்துக்கு நேரே போகும். இரண்டாவது தொடுதலுக்குள் பந்து தரையில் இருக்கும். தாழ்ந்த வலை அனுப்புகிறவருக்கு எளிது, வாங்குகிறவருக்குக் கொடுமை. வலை 2 மீட்டரில் இருந்தால் பந்து மேலே ஏறித்தான் இறங்க வேண்டும், அந்த ஏற்ற இறக்கம் எதிர்ப்பக்கத்துக்கு நேரம் தருகிறது. சுமார் 130 செ.மீ. உயரப் பிள்ளை கையைத் தூக்கினால் 165 செ.மீ.க்குக் கிட்டத்தட்ட எட்டும். அதற்கு ஒரு சாண் அல்லது ஒன்றரைச் சாண் மேலே வலை இருப்பதுதான் பாஸுக்கும் செட்டுக்கும் சரி. ஜப்பானியத் தொடக்கப்பள்ளிப் போட்டிகளிலும் வலை 2 மீட்டர்தான், தளம் 16க்கு 8 மீட்டர். 1895ல் அமெரிக்காவின் ஹோலியோக்கில் வில்லியம் மார்கன் இந்த ஆட்டத்தை வகுத்தபோது வலையை 6 அடி 6 அங்குலத்தில், அதாவது 1.98 மீட்டரில்தான் கட்டினார். கூடைப்பந்து கனமாக இருக்கிறது, அதன் உள்பை மட்டும் என்றால் மிக லேசு என்று கண்டு, இடைப்பட்ட எடையில் தனிப் பந்து செய்யச் சொன்னதும் அவரே. சாமானைத் திருத்துவது இந்த ஆட்டத்தின் பிறப்பிலேயே இருக்கிறது.

பூப்பந்துக் கம்பத்தை உயர்த்துவது சுலபம். 2.2 மீட்டர் நீளப் பிவிசி குழாயைக் கம்பத்தோடு சேர்த்து நிற்கவைத்து, ஒட்டுப்பட்டைகளால் மூன்று இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். 2 மீட்டரில் பருத்திக் கயிறு. வலையே வேண்டாம், கயிற்றில் 40 செ.மீ.க்கு ஒன்றாக வண்ணத் துணி நாடாவோ ராஃபியாவோ (பொட்டலம் கட்டும் பிளாஸ்டிக் நாடா) தொங்கவிட்டால் போதும். நாடா தொங்காத வெறும் கயிறு கண்ணுக்குத் தெரியாது, ஓடும் பிள்ளையின் கழுத்தில் மாட்டும். ராஃபியாவையே பிரதானக் கயிறாகக் கட்டாதீர்கள், இழுபடும். இலாஸ்டிக் நாடாவும் வேண்டாம், அறுந்தால் கண்ணில் அடிக்கும். எடை வைத்த அடிப்பாகமுள்ள கம்பம் என்றால் கயிற்றை மிகவும் விறைப்பாக இழுக்காதீர்கள், சாயும். நடுவில் பத்து செ.மீ. தொய்வதால் குடி முழுகிவிடாது. தளங்கள் அடுத்தடுத்து இருந்தால் ஒரே கயிற்றை இரண்டுக்கும் குறுக்கே ஓட்டி, நடுவில் ஒரு கம்பம் கொடுங்கள்.

சர்வீஸுக்கு, அதாவது பந்தை முதலில் அடித்து ஆட்டத்தைத் தொடங்குவதற்கு, மட்டும் விதிவிலக்கு. ஏழு வயதுப் பிள்ளை கீழ்வீச்சில் 2 மீட்டருக்கு மேல் அனுப்புவது சிரமம். கயிற்றைச் சாய்த்துக் கட்டுங்கள்: ஒரு முனை 1.6 மீட்டர், மறு முனை 2 மீட்டர். எங்கே நின்று அனுப்புவது என்பதைப் பிள்ளையே தேர்ந்துகொள்ளட்டும். நீங்கள் யாரையும் நீ அங்கே போ என்று சொல்லத் தேவையிருக்காது. தன்னால் முடிகிறது என்று தெரிந்தால் அவர்களே உயரமான பக்கம் நகர்வார்கள். தூரத்துக்குத் தளத்தில் ஏற்கெனவே கோடுகள் இருக்கின்றன. வலையிலிருந்து 1.98 மீட்டரில் குறுகிய சர்வீஸ் கோடு, 5.94 மீட்டரில் இரட்டையர் நீள சர்வீஸ் கோடு. முதல் கோட்டில் தொடங்கி, ஐந்துக்கு நான்கு தாண்டினால் ஒரு பெரிய அடி பின்னால். சர்வீஸில் அடிக்கடி நேரும் தவறு, பந்தை உயரத் தூக்கிப்போட்டு அடிப்பது. மறு உள்ளங்கையில் பந்தை இடுப்பு உயரத்தில் வைத்து, அங்கிருந்தே அடிக்கச் சொன்னால் பாதிப் பிழை போய்விடும்.

ஸ்பைக்குக்கு, அதாவது குதித்துப் பந்தை வலைக்கு மேலிருந்து கீழ்நோக்கி ஓங்கி அடிப்பதற்கு, இந்த வயதில் அவசரம் இல்லை; ஆனால் பிள்ளைகள் கேட்பார்கள், ஆசையைக் கெடுக்க வேண்டாம். கையசைவுக்கு டென்னிஸ் பந்தை வலைக்கு மேல் கீழ்நோக்கி எறியவிடுங்கள். பிறகு வெங்காயம் வரும் வலைப்பைக்குள் நுரைப்பந்தைப் போட்டு, உயரமான கம்பியிலிருந்து தொங்கவிடுங்கள்; பிள்ளை கையை நீட்டிக் குதித்தால் உள்ளங்கை படும் உயரத்தில். அடித்த பந்து சுற்றிவந்து முகத்தில் படாமலிருக்க ஒருவர் அடித்ததும் விலக வேண்டும், அடுத்தவர் பந்து நின்ற பிறகே வர வேண்டும். சக்கரம் வைத்த கூடைப்பந்துக் கம்பத்தில் கட்டாதீர்கள்.

ஆட்டம் என்று வரும்போது 24 பேரையும் ஆறுக்கு ஆறாகப் பிரித்துவிட்டால், பந்தைத் தொடுவது நான்கைந்து பேராகத்தான் இருக்கும். ஒவ்வொரு தளத்தையும் நீளவாக்கில் இரண்டாகப் பிரியுங்கள். 3.05 மீட்டர் அகலச் சந்துகள் மொத்தம் நான்கு கிடைக்கும். சந்துக்கு ஆறு பேர், பக்கத்துக்கு மூவர். ஒருவரும் வரிசையில் நிற்க மாட்டார்கள். விதியையும் சாமான் போலவே படிப்படியாக இறுக்குங்கள்: முதலில் பிடித்து எறிவது, அடுத்து ஓர் அணி பந்தைத் தொடும் மூன்று தடவையில் ஒன்றில் மட்டும் பிடிக்கலாம், அடுத்து மென்பந்தோடு ஒரு துள்ளல், கடைசியில் பிடிக்காமல். பிடித்து எறியும் கட்டத்தைக் கேவலமாக நினைக்க வேண்டாம். நெதர்லாந்தின் சிறுவர் கைப்பந்துத் திட்டத்தின் முதல் நிலையே அதுதான். பந்து எங்கே போகிறது, நான் எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்த ஆட்டத்தில்தான் பிள்ளை கற்கிறது. ஆனால் பிடித்ததும் அங்கேயே நின்று எறிய வேண்டும் என்று விதி வையுங்கள். பந்தோடு ஓடவிட்டால் அது வேறு ஆட்டமாகிவிடும்.

எப்போது அடுத்த பந்துக்குப் போவது? 3 மீட்டர் தூரத்தில் நின்று போடும் பத்துப் பந்தில் ஏழு, போட்டவர் ஓரடிக்கு மேல் நகராமல் பிடிக்கும்படி திரும்பினால் போகலாம். புதிய பந்தில் பத்துக்கு நான்குக்குக் கீழே போனால் பழைய பந்துக்கே திரும்புங்கள். ஒரே வகுப்பில் மூன்று வகைப் பந்து ஓடுவது நல்லதுதான். ஆனால் மஞ்சள் பந்து ‘தெரியாதவர்களுக்கு’ என்ற பேச்சு வந்துவிட்டால் தொலைந்தது. வகைக்கு இரண்டு நிறமாவது கலந்து வாங்குங்கள், எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு வையுங்கள், வேண்டியதை அவர்களே எடுக்கட்டும்.

24 பேருக்குப் பட்டியல் என்று பார்த்தால்: 150 கிராம் மென்பந்து 12, பூச்சுள்ள நுரைப்பந்து 8, 200 முதல் 220 கிராம் தோல்பந்து 4, மணல் பை 12, பலூன் 40, பெரிய கூம்பு 6, இரண்டு தளத்துக்கும் சேர்த்து 20 மீட்டர் பருத்திக் கயிறு, மூன்று குழாய்கள். பணம் இடித்தால் தோல்பந்தை விட்டுவிடுங்கள், மென்பந்தைக் குறைக்காதீர்கள். இருவருக்கு ஒரு பந்து என்பதற்குக் கீழே இறங்கினால் மற்ற எல்லாம் வீண். வெள்ளைப் பந்து மண்டப விளக்கோடு கலந்துவிடும், மஞ்சளும் நீலமும் நன்றாகத் தெரியும்.

வீட்டில் பழக என்ன செய்வது என்று பெற்றோர் கேட்பார்கள். புளோக் கீழ்த்தளத்தில் பந்து விளையாடத் தடை போட்டிருக்கும், சுவரில் அடிக்கும் சத்தமும் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு. கூடத்தில் விசிறியை நிறுத்திவிட்டு டேப் ஒட்டிய பலூனை முன்கையால் மட்டும் இருபது முறை கீழே விடாமல் தாங்கச் சொல்லுங்கள். உள்ளங்கை பட்டால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து.